சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவர்

ஜானி மாரைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் எந்தெந்தக் குழுக்களை விட்டுப் போனார் என்பதைத்தான் பெரும்பாலானோர் முதலில் சொல்வார்கள். 1987-இல் தி ஸ்மித்ஸ், அதைத் தொடர்ந்து தி பிரிடெண்டர்ஸ், தி தி, எலெக்ட்ரானிக், மாடஸ்ட் மவுஸ், தி கிரிப்ஸ் என்று அந்த வரிசை நீளும். இருபத்து மூன்று வயதுக்குள் பிரிட்டனின் மிகச் சிறந்த ராக் கிடார் கலைஞர்களில் ஒருவர் என்று பெயரெடுத்துவிட்ட ஒருவர், அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளைப் பெரும்பாலும் பிறர் பாடுகிற குழுக்களிலேயே கழித்தார் என்பது பலருக்குத் திறமையை விரயமாக்கிய கதையாகத் தெரிகிறது. நெடுங்காலமாக அவர் வாசிப்பைக் கேட்டுவரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குழுவை விட்டு வெளியேறுவதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை, மனஸ்தாபம் போதும். ஏற்கெனவே தனக்கென்று ஓர் ஓசையும் ரசிகர் கூட்டமும் கொண்ட குழுவுக்குள் நடுவில் புகுந்து, அங்கிருப்பவர்களின் இசையைக் குலைக்காமலும் தன்னுடைய கையைத் தொலைக்காமலும் வாசிப்பதுதான் அரிது. அதை ஒருமுறை செய்தவர்களே குறைவு. மார் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

ராக் இசை உலகம் குழு மாறுவதைக் குற்றமாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே குழு என்பது சேர்ந்து வாசிக்கும் நான்கு பேர் மட்டுமல்ல. பள்ளிக்கூட நண்பர்கள், ஒரே ஊர், ஒரே வயது, ஒரே கனவு என்று கட்டப்பட்ட ஒரு கதையும் கூட. ரசிகர் பாட்டோடு சேர்த்து அந்தக் கதையையும் வாங்குகிறார். அதனால் அதிலிருந்து ஒருவர் எழுந்து போனால், தம்மை விட்டே அவர் போய்விட்டதாக ரசிகர் எடுத்துக்கொள்கிறார். நம்முடைய கச்சேரி மேடையில் இன்று ஒரு பாடகருக்கும் நாளை மற்றொருவருக்கும் வாசிக்கிற வயலின்காரரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. யாருக்கு வாசித்தாலும் அவரவர் பாணிக்கு இசைந்து வாசிக்கிறார் என்பதுதான் அங்கே அவருக்குப் பெருமை. மாரின் மனப்போக்கு ராக் உலகத்தைவிட இந்த மேடைக்கே நெருக்கமானது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அவர் 1963 அக்டோபர் 31 அன்று மான்செஸ்டரின் ஆர்ட்விக் பகுதியில் பிறந்தார். அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்திலிருந்து வேலை தேடி வந்து குடியேறிய பெற்றோருக்கு மூத்த பிள்ளை. இயற்பெயர் ஜான் மேஹர். அதே ஊரின் பஸ்காக்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவருக்கும் அதே பெயர் இருந்ததால், எழுத்தை மாற்றி மார் ஆனார். குடும்பம் பிறகு வித்தென்ஷா என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் கிடைத்த நண்பர்தான் ஆண்டி ரூர்க். பதின்ம வயதிலேயே மார் இரண்டு மூன்று குழுக்களை அமைத்துக் கலைத்திருந்தார். ஆக, குழு மாறும் பழக்கம் 1987-இல் தொடங்கியதல்ல.

1982-இல், பதினெட்டு வயதில், அவர் ஸ்ட்ரெட்ஃபோர்டின் கிங்ஸ் சாலையில் இருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர் அவரைவிட நான்கு வயது மூத்தவர், எழுதுகிறவர், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர். பாட்டுக்கு வார்த்தை வேண்டும் என்று மார் கேட்டார். மாரிஸ்ஸி என்ற அவர் சம்மதித்தார்; பாடகரும் ஆனார். ரூர்க் பேஸ் கிடாருக்கும் மைக் ஜாய்ஸ் டிரம்ஸுக்கும் வந்து சேர, தி ஸ்மித்ஸ் உருவாயிற்று. 1983 மே மாதத்தில் முதல் சிங்கிள், அதாவது தனியே விற்கும் பாட்டு, வெளியானது. 1987 கோடையில் எல்லாம் முடிந்துவிட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள், அவற்றில் இடம்பெறாத ஏராளமான சிங்கிள்கள் என மொத்தம் எழுபது பாடல்களை ஒட்டி அவர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

அந்தப் பாடல்களில் மார் செய்த காரியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர் எந்தக் குழுவுக்குப் போனாலும் செல்லுபடியான மூலதனம் அதுதான். எழுபதுகளின் ராக் கிடார்காரர் என்றால் பாட்டின் நடுவில் பாடகரை ஓரங்கட்டிவிட்டு முன்னால் வந்து நீண்ட தனி வாசிப்பு வாசிப்பவர். மார் அதை ஏறக்குறைய முழுமையாகத் தவிர்த்தார். சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டை ஒரே வீச்சில் மீட்டாமல் அதன் சுரங்களைத் தனித்தனியே உதிர்த்து, அந்த உதிர்ப்பே மெட்டாகவும் தாளமாகவும் அமையும்படி வாசித்தார். ரிக்கன்பேக்கர் கிடாரின் மணியோசையையும், கிடாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் பொருத்திச் சுருதியைக் கூட்டி வாசிக்கும் முறையையும் இதற்குப் பயன்படுத்தினார். ஸ்டுடியோவில் ஒரு வாசிப்பின் மேல் இன்னொன்றாகப் பல அடுக்குகளைப் பதிந்தார். இவ்வளவும் பாடகரின் குரல் எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதைக் கவனித்தே செய்யப்பட்டவை. மாரிஸ்ஸி மெட்டுக்குள் அடங்காமல் வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகிறவர். அவருக்கு அடியில் உறுதியான தரையைப் போட்டுத் தந்தது கிடார். நானும் சில காலம் கிடாரோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன்: இந்தப் பகுதிகளைத் தனியாக வாசித்துப் பார்த்தால் விரல்களுக்குக் கடினம்தான், ஆனால் கேட்பவர் வியக்கும்படி எதுவும் தனித்துத் தெரியாது. பாட்டோடு சேர்ந்தால்தான் பொருள் கிடைக்கும்.

இதற்கு விதிவிலக்கு போலத் தெரிவது 1984-இல் பதிவான 'ஹவ் சூன் இஸ் நௌ'. அதன் அலையடிக்கும் கிடார் ஓசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் மார் எந்த ஓசை விளைவும் சேர்க்காமல் தாளக் கிடாரைப் பதிவு செய்தார். பிறகு அதை நான்கு ஃபெண்டர் ட்வின் ஆம்ப்ளிஃபையர்களின் வழியே திரும்ப ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் இருந்த, ஓசையை ஏற்றி இறக்கித் துடிக்கவைக்கும் டிரெமலோவைப் பாட்டின் வேகத்துக்கு ஒத்துத் துடிக்கும்படி, தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் மாரும் ஆளுக்கு இரண்டாகப் பொறுப்பேற்றுக் கையால் திருகிச் சரிசெய்தார்கள். துடிப்பு தாளத்தை விட்டு நழுவினால் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி முயல வேண்டும். அப்படிச் சில விநாடித் துண்டுகளாகவே அது சேர்ந்தது. கணினி இல்லாத காலத்தில் நடந்த அந்த உழைப்பை அப்போது நிறுவனம் இன்னொரு பாட்டின் மறுபக்கத்தில் வைத்துத்தான் வெளியிட்டது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். மறு ஆண்டுதான் அது தனி சிங்கிளாக வந்தது.

வாத்தியங்களோடு அவருக்கு இருந்த உறவும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் தி ஸ்மித்ஸைச் சைர் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்ய முன்வந்த சீமோர் ஸ்டைன், தான் முன்பு ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்ததாகப் பேச்சுவாக்கில் சொல்ல, ஒப்பந்தம் போட்டால் தனக்கும் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று மார் கேட்டுக்கொண்டார். நியூயார்க்கில் ஸ்டைன் வாங்கித் தந்த கிப்சன் இஎஸ்-355 கிடாரை விடுதி அறைக்குக் கொண்டுபோனதும், அதிலேயே இரண்டு பாடல்களுக்கு மெட்டமைத்தார். ஒரு புதிய கிடார் கைக்கு வந்தால் அதற்குள் புதிய பாட்டு இருக்கும் என்று நம்புகிறவர் அவர். புதிய மனிதர்கள் விஷயத்திலும் அவருடைய நம்பிக்கை இதுவேதான் என்று நினைக்கிறேன்.

1987-இல் அவர் விலகியதற்கு ஒற்றைக் காரணம் தேடுவது வீண். தொடக்கத்தில் மாருக்கு ஊக்கமும் பண உதவியும் தந்து மேலாளராக இருந்த துணிக்கடைக்காரர் ஜோ மாஸ் சீக்கிரமே விலகிவிட்டார். அதற்குப் பிறகு வந்த எந்த மேலாளரும் நிலைக்கவில்லை. பாட்டுக்கு இசையமைப்பது, ஒலிப்பதிவை நடத்துவது போதாதென்று குழுவின் நிர்வாக வேலைகளும் மாரின் தலையில் விழுந்தன. ஓய்வு வேண்டும் என்று அவர் கேட்டபோது மற்றவர்கள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். அவர் லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்த சமயத்தில் குழு உடைகிறது என்று என்எம்ஈ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை எழுதியது. அவரும் வெளியேறிவிட்டதை உறுதிப்படுத்தினார். குழுவின் நான்காவது ஆல்பம் அதே ஆண்டு செப்டம்பரில், குழுவே இல்லாத நிலையில் வெளிவந்தது.

அடுத்த சில மாதங்களை அவர் கழித்த விதம்தான் எனக்குச் சுவையானது. அந்த வயதில், அந்தப் புகழோடு, தன் பெயரில் ஒரு குழுவை அமைத்துப் பாடகரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கலாம். டீப் பர்பிள் குழுவிலிருந்து 1975-இல் வெளியேறிய கிடார்காரர் ரிட்சி பிளாக்மோர் அப்படித்தான் செய்தார். ரெயின்போ என்ற குழுவைத் தொடங்கி, முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே தன் பெயரைப் போட்டுக்கொண்டு, அதன் ஆட்களை ஆல்பத்துக்கு ஆல்பம் மாற்றிக்கொண்டே இருந்தார். மாரோ பாரிசுக்குப் போய் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் கடைசி ஆல்பத்தில் சில பாடல்களுக்கு வாசித்தார். பாடகர் பிரையன் ஃபெரியோடு வேலை செய்தார். பாடகி கிரிஸ்ஸி ஹைண்டின் தி பிரிடெண்டர்ஸில் சேர்ந்து அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுற்றுப்பயணம் போனார். அந்தக் குழுவில் மற்றவர்கள் முன்பு வாசித்த பகுதிகளைக் கற்றுக்கொண்டு மேடையேறுவது, புகழின் உச்சியிலிருந்து இறங்கி வருவது போல வெளியே தெரிந்திருக்கும். தலைமைப் பொறுப்பில் களைத்துப் போனவருக்கு அது இளைப்பாறுதலாகவும் இருந்திருக்க வேண்டும்.

தி தி என்பது உண்மையில் மாட் ஜான்சன் என்ற ஒரே மனிதர். அவரும் மாரும் எண்பதுகளின் தொடக்கத்திலேயே சந்தித்துச் சேர்ந்து வேலை செய்யப் பேசியிருந்தார்கள். ஒருவர் லண்டனிலும் மற்றவர் மான்செஸ்டரிலும் கையில் காசில்லாமல் இருந்ததால் அது அப்போது நடக்கவில்லை. 1989-இல் வெளியான 'மைண்ட் பாம்ப்', 1993-இல் வெளியான 'டஸ்க்' ஆகிய இரண்டு ஆல்பங்களிலும் மார் உறுப்பினராக வாசித்தார். ஜான்சன் தன் பாடல்களின் ஒவ்வொரு அணுவையும் தானே முடிவு செய்கிறவர். மதம், போர், மரணம் என்று கனத்த விஷயங்களை எழுதுகிறவர். அங்கே மணியோசைக் கிடாருக்கு வேலையில்லை. மார் தன் அடையாளமான அந்த ஓசையை ஏறக்குறைய முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, கரகரப்பான, இடைவெளி விட்ட வாசிப்புக்கு மாறினார். ஹார்மோனிகாவை எடுத்து வாசித்தார். 'டஸ்க்' ஆல்பத்தை ஒருவர் பெயர் தெரியாமல் கேட்டால் தி ஸ்மித்ஸின் கிடார்காரர் என்று கண்டுபிடிப்பது கடினம். என்னைப் பொறுத்தவரை பிற குழுக்களில் அவர் வாசித்தவற்றில் உயர்ந்தது அதுதான்.

அதே காலத்தில் மான்செஸ்டரின் நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னரோடு எலெக்ட்ரானிக் என்ற கூட்டையும் தொடங்கினார். பெட் ஷாப் பாய்ஸின் நீல் டெனன்ட் சேர்ந்து பாடிய 'கெட்டிங் அவே வித் இட்' 1989 டிசம்பரில் வெளியானது. 1990 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் டெபேஷ் மோடுக்கு முன்னால் மேடையேறினார்கள். புதிய குழு ஒன்று தன் முதல் கச்சேரிகளை அவ்வளவு பெரிய மைதானத்தில் நடத்துவது சாதாரணமல்ல. 1991-இல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. சின்தசைசரும் தாள இயந்திரமும் நிறைந்த அந்த இசையில் கிடார் எங்கே என்று பழைய ரசிகர்கள் கேட்டார்கள். மான்செஸ்டர் முழுவதும் நடன இசையில் மூழ்கியிருந்த காலம் அது. சொந்த ஊரில் நடப்பதைக் காது கொடுத்துக் கேட்டவர் வேறு எதைச் செய்திருப்பார்? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1996-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஜெர்மனியின் மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கில் இருந்த கார்ல் பார்டோஸும் சேர்ந்திருந்தும், அதில் மெருகு அதிகம், உயிர் குறைவு. ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இரண்டு பேர் சேர்ந்து செய்தது மூன்றே ஆல்பங்கள்; அவசரமில்லாத நட்பு சிலவேளை வேலைக்கு ஆகாது.

அந்த 1996-இல்தான் பழைய கணக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. தி ஸ்மித்ஸின் நான்கு பேருக்கும் இடையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. அவர்களுடைய பாட்டுகளை வெளியிட்ட ரஃப் டிரேட் நிறுவனத்தோடு கையெழுத்திட்டவர்கள் மாரிஸ்ஸியும் மாரும் மட்டுமே. ஒலிப்பதிவு வருமானத்தில் அவர்கள் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 சதவீதம் கொடுத்துவந்தார்கள். பாடல் இயற்றியதற்கான உரிமத்தொகை இதில் சேராது. அது எப்படியும் அவர்கள் இருவருக்கும்தான். இந்தப் பங்கீட்டுக்குத் தான் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்று ஜாய்ஸ் வழக்குத் தொடுத்தார். பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாத இடத்தில் கூட்டாளிகள் அனைவருக்கும் பங்கு சமம். அதன் அடிப்படையில் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் என்று நீதிபதி வீக்ஸ் தீர்ப்பளித்தார். மாரை நியாயமானவர் என்றும் நால்வரில் அநேகமாக அதிகக் கூர்மையுள்ளவர் என்றும் சொன்ன நீதிபதி, அவர் தன் சாட்சியத்துக்கு மெருகேற்றியதால் நம்பகத்தன்மை குறைந்தது என்றும் குறிப்பிட்டார். மாரிஸ்ஸி மேல்முறையீடு செய்து 1998-இல் தோற்றார். மார் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. ரூர்க்கின் நிலை இன்னும் பரிதாபம்: கையில் பணமில்லாத நெருக்கடியில் 83,000 பவுண்டையும் தொடர்ந்து 10 சதவீதத்தையும் பெற்றுக்கொண்டு அவர் முன்பே சமரசமாகிவிட்டிருந்தார்.

மாரின் ரசிகனாக இருந்தாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஜாய்ஸ் பக்கமே நியாயம் தெரிகிறது. உழைப்பில் பெரும்பகுதி இருவருடையது என்பது உண்மையாகவே இருக்கட்டும்; அதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். குழுவைக் குடும்பம் என்று நம்புவதால்தான் இருபது வயதுப் பிள்ளைகள் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். எதிர்ப்புற உதாரணமும் ராக் உலகத்திலேயே இருக்கிறது. ஃபேசஸ் குழுவிலிருந்து எழுபதுகளின் நடுவில் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போன ரோனி வுட், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பளத்துக்கு வாசித்த பிறகே முழுப் பங்காளி ஆனார். மேடையில் நிற்கிற எல்லோரும் கணக்குப் புத்தகத்திலும் நிற்பதில்லை.

2003-இல் ஹீலர்ஸ் என்ற குழுவோடு மார் தானே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் தோன்றிய மாடஸ்ட் மவுஸ் என்ற குழு, 2004-இல் ஒரு பெரிய வெற்றிப் பாடலைக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்ற நிலையில் இருந்தது. அதன் தலைவர் ஐசக் புராக் மாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்; கத்திப் பாடுகிறவர்; கிடாரை ஒழுங்கான முறை எதற்கும் கட்டுப்படாமல் வாசிக்கிறவர். அவர் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்து பாட்டு எழுத வர முடியுமா என்று கேட்டார். சில நாட்களுக்கென்று ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகருக்குப் போன மார், அங்கேயே வீடு பிடித்துத் தங்கி, விருந்தாளியாக அல்லாமல் முழு உறுப்பினராகவே ஆகிவிட்டார். 2007 மார்ச்சில் வெளியான அவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியலில் முதல் இடத்தில் நுழைந்தது. தி ஸ்மித்ஸுக்கு அமெரிக்காவில் ஒருபோதும் கிடைக்காத இடம் அது. மாருக்கு அப்போது 43 வயது.

அந்த ஆல்பத்தைக் கவனமாகக் கேட்டால், சேர்ந்து வாசிப்பது என்று நான் சொல்வதன் பொருள் விளங்கும். புராக்கின் கிடார் வெட்டி வெட்டி, சுருதியை வளைத்து, எந்த நேரமும் அறுந்து விழும் போல ஓடுகிறது. மார் அதை நேராக்க முயலவில்லை. அதன் இடுக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன மெட்டுத் துணுக்குகளான ரிஃப்களைச் செருகுகிறார். தாளம் தடுமாறுவது போலத் தோன்றும் இடத்தில் இரண்டு சுரங்களை மாறி மாறித் தட்டி ஒரு பிடிமானம் தருகிறார். குழுவின் முரட்டுத்தனம் குறையவில்லை, ஆனால் அது நடனமாடத் தொடங்கிவிட்டது. தி ஸ்மித்ஸில் அடங்காத குரலுக்கு அடியில் தரை போட்டவர், இங்கே அடங்காத கிடாருக்கு அடியில் அதையே செய்தார்.

போர்ட்லேண்ட் அவருக்குக் கொடுத்த இன்னொன்று ஃபெண்டர் ஜாகுவார். அங்கே புராக்கின் ஜாகுவார் கிடாரை எடுத்து வாசித்துப் பார்த்த மார், தன் கை தேடிக்கொண்டிருந்த வாத்தியம் இதுதான் என்று முடிவு கட்டினார். கடற்கரைப் பாணி இசைக்காக 1962-இல் சந்தைக்கு வந்த அந்தக் கிடாரின் உலோகத் தகடுகளும் சின்னஞ்சிறு சுவிட்சுகளும் பலருக்கு எரிச்சல் தருபவை. மார் இங்கிலாந்தின் கிடார் தச்சர் பில் பப்லெட்டோடு சேர்ந்து அதன் உள்ளமைப்பைத் திருத்தி எழுதினார். பழைய சுவிட்சுகளுக்குப் பதிலாக நான்கு நிலைகள் கொண்ட ஒரே நெம்புகோல் வந்தது. நான்காவது நிலையில், தந்தியின் அதிர்வை மின்னோசையாக்கும் பிக்கப்கள் இரண்டும் தொடராக இணைந்து ஓசை தடிக்கும். 2012-இல் ஃபெண்டர் நிறுவனம் அதை அவர் பெயரிலேயே வெளியிட்டது. ரிக்கன்பேக்கரோடு பிரிக்க முடியாதவர் என்று உலகம் நினைத்த ஒருவரின் பெயர் பொறித்த கிடார், இன்னொரு குழுவின் ஸ்டுடியோவில் கிடைத்தது. ஓரிடத்திலேயே இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அதே ஊரில்தான் தி கிரிப்ஸின் கேரி ஜார்மனும் குடியிருந்தார். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த அந்தக் குழு மூன்று சகோதரர்களால் ஆனது. அவர்களில் இரட்டையர் இருவர் மாரைவிடப் பதினேழு வயது சிறியவர்கள். ரத்த உறவால் கட்டிய குழுவில் நான்காவது ஆளாக நுழைவது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். 2008-இல் மார் நுழைந்தார். 2009 செப்டம்பரில் வெளியான ஆல்பம், பீட்டில்ஸின் ஆல்பங்கள் எல்லாம் ஒலி புதுப்பிக்கப்பட்டு வந்து பட்டியலை அடைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் எட்டாம் இடத்தைப் பிடித்தது. கேட்பதற்கு நல்ல ஆல்பம்தான். ஆனால் சகோதரர்களின் அலட்சியமான வேகம் மாரின் நேர்த்தியால் சற்றே மட்டுப்பட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். இம்முறை தரை தேவையைவிடக் கெட்டியாக அமைந்துவிட்டது. 2011-இல் இரு தரப்பும் சண்டையின்றிப் பிரிந்தார்கள்.

இடையில் திரைப்படமும் வந்தது. ஹான்ஸ் சிம்மர் 2010-இல் 'இன்செப்ஷன்' படத்துக்கு இசையமைத்தபோது, பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு நடுவில் பன்னிரண்டு தந்திக் கிடாரை வாசிக்க மாரை அழைத்தார். 'நோ டைம் டு டை' படத்தின் தலைப்புப் பாடலில் பில்லி ஐலிஷின் குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் கிடாரும் அவருடையதே. இசையமைப்பாளர் கேட்டதை மட்டும் கொடுத்து ஒதுங்கி நிற்கத் தெரியாதவர்களுக்கு அந்த வேலை சரிப்படாது.

தன் சொந்தப் பெயர் மட்டும் பொறித்த முதல் ஆல்பத்தை அவர் 2013 பிப்ரவரியில், 49 வயதில் வெளியிட்டார். அதன்பின் 2014, 2018, 2022 என மேலும் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள். அவர் குரல் பெரிய குரல் அல்ல. ஆனால் ஐந்தாறு பாடகர்களுக்கு அருகில் நின்று, எங்கே இடம் விட வேண்டும் என்று கற்றவரின் கிடார் இப்போது தன் குரலுக்கே இடம் விடுகிறது. ஹீலர்ஸ் காலத்தில் அந்தப் பக்குவம் இல்லை. இடையில் இரண்டு குழுக்களில் பிறர் பாட்டுக்கு வாசித்த ஆண்டுகள்தான் அதைக் கொடுத்தன என்று நான் அடித்துச் சொல்வேன்.

தி ஸ்மித்ஸை மறுபடி சேர்க்கும் அழைப்புகளை அவர் ஏற்கவில்லை. 2023 மே மாதத்தில் ரூர்க் கணையப் புற்றுநோயால் மறைந்த பிறகு நால்வரும் சேர வழியும் இல்லை. பள்ளித் தோழர்கள் இருவரும் முந்தைய ஆண்டுதான் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே மேடையில் வாசித்திருந்தார்கள். இன்று மார் தன் கச்சேரிகளில் பழைய பாடல்களைத் தானே பாடுகிறார். தி ஸ்மித்ஸின் பாடல்களுக்கு அரங்கமே சேர்ந்து பாடுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். எனக்குப் பிடித்தது 'கெட்டிங் அவே வித் இட்' பாடலை அவர் இப்போது கையாளும் விதம். கிடாரைக் காணவில்லை என்று ஒரு காலத்தில் குறைபட்டுக்கொள்ளப்பட்ட குழுவின் பாட்டு அது. பாட்டின் வரிகள் முடிந்ததும், தனி வாசிப்பையே தவிர்த்து வாழ்ந்த மனிதர், நிமிடக் கணக்கில் நிறுத்தாமல் கிடாரை வாசிக்கிறார்.